நிலக்கரியை நிறுத்தினால் விளக்கு அணையுமா?

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நாம் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணி கழிந்து சில நிமிடங்களில், பாணந்துறை உபமின்னிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டது. பருத்தித்துறை தொடக்கம் தெய்வேந்திரமுனை வரை இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. இராமாயணத்துக் குரங்கு இலங்கைக்கு நெருப்பு வைத்தது, இந்தக் குரங்கு அதன் மின்சாரத்தைப் பறித்தது என்று அன்று ஊரெங்கும் பகடி பேசினார்கள். வெங்காயத்துக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பகடியாக இருக்கவில்லை. இயந்திரம் நின்றது, வாய்க்கால் பாதி வழியில் வற்றியது.

குரங்கின் கதை அன்றோடு முடிந்தது. அதற்குப் பின் நடந்ததே நாம் இன்று பேச வந்த பொருள். அன்று மாலைக்குள் நாட்டின் பெரும்பகுதிக்கு மின்சாரம் மீண்டது. ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒன்றரை மணி நேரம் முறைவைத்து மின்வெட்டு நடந்தது. ஏன்? நுரைச்சோலையிலுள்ள நிலக்கரி மின்னிலையத்தின் மூன்று இயந்திரங்களும் அந்த அதிர்ச்சியில் நின்றுவிட்டன. நின்றவற்றை மீண்டும் ஓடவைக்க நாட்கள் வேண்டியிருந்தன.

இச்சம்பவத்திலிருந்து இரு சாராரும் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். "பார்த்தீர்களா, கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகியதால் வந்த வினை இது, நிலக்கரியைக் கைவிட்டால் தினமும் இதுதான் கதி" என்றனர் ஒரு சாரார். "நிலக்கரி நிலையம் ஓடிக்கொண்டிருந்த வேளையிலேதானே இருள் வந்தது? அது எதைக் காத்தது?" என்றனர் மற்றச் சாரார். இருவர் வாதத்திலும் உண்மை உண்டு. எவர் வாதத்திலும் முழு உண்மை இல்லை. மின்சாரக் கட்டணம் செலுத்துபவர்கள் நாமாதலால், இதைத் தீர விசாரித்து அறியும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

களத்திலே மாடு பிணைத்துச் சூடு மிதித்ததைக் கண்ட முதியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பல மாடுகளை ஒரே கயிற்றிற் பிணைத்து வட்டமாக நடத்துவோம். எல்லா மாடுகளும் ஒரே நடையில் நடக்கவேண்டும். ஒன்று இடறி விழுந்தால் பக்கத்து மாடு இழுபடும். அது தடுமாறினால் அடுத்தது தடுமாறும். நாட்டின் மின்வலைப்பின்னலும் அத்தகையதே. லக்சபானாவிற் சுழலும் இயந்திரமும், விக்டோரியாவிற் சுழலும் இயந்திரமும், நுரைச்சோலையிற் சுழலும் இயந்திரமும் கண்ணுக்குத் தெரியாத ஒரே கயிற்றிற் பிணைக்கப்பட்டவை. செக்கனுக்கு ஐம்பது அலை என்ற ஒரே தாளத்துக்கு அவை யாவும் இசைந்து சுழலவேண்டும். நாட்டு மக்கள் செலவிடும் மின்சாரமும் நிலையங்கள் தரும் மின்சாரமும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால்தான் அந்தத் தாளம் பிசகாது. தருவது குறைந்தால் தாளம் தளரும். ஓரளவுக்கு மேல் தளர்ந்தால், இயந்திரங்கள் கெட்டுப்போகாதபடி காவற் கருவிகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். அப்படிக் கழன்று கழன்றே ஒரு நாடு முழுவதும் இருளில் மூழ்குகிறது.

இங்கேதான் நிலக்கரி நிலையத்தின் உண்மையான பெறுமதி இருக்கிறது. லான்ட்மாஸ்ரரில் உழுபவர்களுக்கு இது நன்கு விளங்கும். உழும்போது கலப்பை ஒரு வேரில் முட்டினால் இயந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை. அதிலுள்ள கனத்த சில்லு சுழன்ற வேகத்தில் அந்த இடரைத் தாண்டிவிடுகிறது. நிலக்கரி நிலையத்தின் நீராவிச் சுழலியும் அதனோடு பொருத்திய மின்பிறப்பாக்கியும் பல நூறு தொன் நிறையுள்ளவை. நிமிடத்துக்கு 3000 முறை சுழல்பவை. எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றுவிட்டால் இந்த நிறையின் வேகம் சில செக்கன்களுக்கு நாட்டைத் தாங்கும். அந்தச் சில செக்கன்களுக்குள் மற்ற நிலையங்கள் விழித்தெழுந்து கூடுதல் மின்சாரம் தந்துவிடவேண்டும். கூரையிலுள்ள சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. அது மின்சாரம் தரும். தாங்கும் நிறையைத் தராது. பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஆதலின் மக்கள் செலவிட்ட மின்சாரம் குறைவு, வெயிலோ மிகுதி. சுழலும் நிறை வழக்கத்திலும் குறைந்திருந்தது. மின்சார சபை இதனையே அன்றைய விளக்கத்திற் சுட்டிக்காட்டியது. அந்த விளக்கத்தைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட நாம் ஆயத்தமில்லை. அது பௌதிகம்.

ஆகவே, "நிலக்கரியை மூடினால் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்கள் பொறுப்பில்லாமற் பேசுகிறார்கள் என்பதே எமது கருத்து. இனி, மூடியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

உலகத்தில் முதன்முதல் நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் விற்ற நாடு பிரித்தானியா. 1882 ஆம் ஆண்டு லண்டன் ஹோல்போர்னில் அது தொடங்கியது. 142 ஆண்டுகளின் பின், 2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி, நொட்டிங்காம் அருகேயுள்ள ராட்கிளிவ் நிலையத்தின் அடுப்பு அணைந்ததோடு அந்நாட்டின் நிலக்கரி மின்சாரம் முற்றாக முடிவுற்றது. 2012 ஆம் ஆண்டிற்கூட அங்கே நூற்றுக்கு நாற்பது பங்கு அளவு மின்சாரம் நிலக்கரியிலிருந்தே வந்தது என்பதை நினைவில் வையுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் நாற்பது பூச்சியமாயிற்று. ராட்கிளிவ் மூடப்பட்ட மறுநாள் பிரித்தானியா இருளில் மூழ்கவில்லை.

எப்படி முடிந்தது? 2015 ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் தவணை குறித்துவிட்டது. பத்து ஆண்டுகளுக்குள் மூடப்படும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேவைப்படும் வேளையில் மின்சாரம் தர ஆயத்தமாய் நிற்பதற்கென்றே நிலையங்களுக்குப் பணம் கொடுக்கும் ஒழுங்கு செய்யப்பட்டது. உக்ரேன் போரினால் எரிவாயு தட்டுப்பட்ட 2022 மாரிகாலத்தில், மூட இருந்த சில நிலக்கரி இயந்திரங்களைக் கூலி கொடுத்துக் காத்திருப்பில் வைத்தார்கள். 2023 மார்ச் மாதக் குளிரில் அவற்றுள் சில ஓடவும் செய்தன. கொள்கைக்காகக் குளிரில் நடுங்க அவர்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. அதில் நாம் குறைகாணமாட்டோம்.

இடையில் அடியும் பட்டார்கள். 2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9 ஆம் திகதி மாலை மின்னற் கீற்றொன்று மின்கம்பித் தொடரொன்றைத் தாக்கியது. அடுத்த சில கணங்களில் லிற்றில் பார்போட் எரிவாயு நிலையமும் கடலிலுள்ள ஹோர்ண்சீ காற்றாலையும் ஏறத்தாழ ஒன்றாகவே கழன்றன. ஐம்பதாக இருக்கவேண்டிய தாளம் 48.8 ஆக இறங்கியது. ஏறக்குறையப் பத்து இலட்சம் வாடிக்கையாளர்களைத் தானியங்கிக் கருவிகள் துண்டித்து மற்றவர்களைக் காப்பாற்றின. முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் எல்லாருக்கும் மீண்டது. ஆனால் புதுமாதிரி மின்சார ரயில்கள் சில தாமாக மீண்டும் கிளம்பமாட்டாமல், தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வந்து தட்டியெழுப்பும் வரை தண்டவாளத்திலேயே நின்றன. பயணிகள் வீடு சேர நள்ளிரவாயிற்று. மின்வலை தப்பினாலும் அதில் தொங்கும் கருவிகள் தப்பும் என்ற உறுதி இல்லை.

பின்னர் அவர்கள் செய்ததே நாம் கவனிக்கவேண்டியது. நிலக்கரி நிலையங்களிடம் இருந்த சுழலும் நிறையை, நிலக்கரி இல்லாமலே தனியாக வாங்கினார்கள். கனத்த இயந்திரம் ஒன்று, எதையும் எரிக்காமல், மின்வலையிலிருந்து சிறிது மின்சாரம் எடுத்துச் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அதன் வேலை சுழல்வது மட்டுமே. பார்ப்பவர்களுக்கு வீண்வேலை போலத் தோன்றும். இடர் வந்த கணத்தில் அதுவே லான்ட்மாஸ்ரரின் சில்லு. 2020 ஆம் ஆண்டு தொடக்கம் இத்தகைய இயந்திரங்களுக்கென ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. கில்லிங்ஹோமில் பழைய எரிவாயு நிலையத்தின் மின்பிறப்பாக்கிகளையே இவ்வேலைக்கு மாற்றினார்கள்.

இந்தப் பாடத்தை இன்னும் கசப்பாகக் கற்ற இடம் தென் அவுஸ்திரேலியா. அம்மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையம், போட் ஓகஸ்ராவிலிருந்த நோர்தேண் நிலையம், 2016 ஆம் ஆண்டு மே மாதம் மூடப்பட்டது. ஐந்து மாதம் ஆகவில்லை. செப்டெம்பர் 28 ஆம் திகதி பெரும் புயல் வீசி, சுழற்காற்றுகள் உயர்ந்த மின்கோபுரங்களை முறித்து வீழ்த்தின. மாநிலம் முழுவதும் இருண்டது. மறுநாளே அரசியல்வாதிகள் காற்றாலைகள்மேற் பழியைப் போட்டார்கள். எதிர்ப்பக்கத்தார், "கோபுரம் விழுந்தால் எந்த மின்சாரம்தான் போய்ச்சேரும்?" என்று கேட்டார்கள்.

விசாரணை அறிக்கை வந்தபோது இரு பக்கத்தாருக்கும் அது முழுத் திருப்தி தரவில்லை. உண்மை இதுதான்: கோபுரங்கள் விழுந்தபோது இரண்டு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் ஆறு தடவை சரிந்தது. காற்றாலைகள் பலவற்றில், அடுத்தடுத்துச் சில தடவை அழுத்தம் சரிந்தால் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும்படி ஒரு கட்டளை முன்னரே பதியப்பட்டிருந்தது. மின்வலையை இயக்கியவர்களுக்கு அப்படியொரு கட்டளை உண்டென்பதே தெரியாது! ஏழு செக்கனுக்குள் 456 மெகாவாற்று மறைந்தது. விக்டோரியா மாநிலத்திலிருந்து வரும் இணைப்பு அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமற் கழன்றது. மாநிலத்தில் எஞ்சியிருந்த சுழலும் நிறை சிறிது. தாளம் சரிந்த வேகத்தில் எந்தக் காவற் கருவியாலும் அதைத் தடுக்க முடியவில்லை.

காற்றையும் புயலையும் நிலக்கரியின் மறைவையும் மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. ஒரு பெரிய வேலைக்காரனை வீட்டுக்கு அனுப்பியவர்கள், அவன் சம்பளம் கேட்காமலே செய்துவந்த சிறு வேலைகள் எவை என்று கணக்கெடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். காற்றாலைகளின் கட்டளைகள் திருத்தப்பட்டன. 2017 டிசெம்பரில் ஹோர்ண்ஸ்டேலில் 100 மெகாவாற்று பற்றறி நிலையம் இயங்கத் தொடங்கியது. உலகில் அன்று அதுவே பெரியது. 2021 இல் சும்மா சுழலும் இயந்திரங்கள் நான்கை நிறுவினார்கள். ஆண்டொன்றில் தேவையான மின்சாரத்தில் அரைவாசிக்கு மேல் அம்மாநிலம் இன்று காற்றிலும் வெயிலிலும் இருந்தே பெறுகிறது.

அந்நாட்டிலேயே விக்டோரியா மாநிலத்தின் ஹேசல்வூட் நிலையம், 1600 மெகாவாற்று வலுவுடையது, 2017 மார்ச்சில் மூடப்பட்டபோது ஐந்து மாத அறிவித்தலே கொடுக்கப்பட்டது. மாற்று நிலையம் ஒன்றைக் கட்ட அக்காலம் எங்ஙனம் போதும்? மின்சார விலை ஏறியது. அதன்பின், மூட விரும்பும் பெரிய நிலையங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கவேண்டும் என்று விதி செய்தார்கள்.

நிலக்கரி இருந்தால் விளக்கு அணையாது என்று நினைப்பவர்கள் தென்னாபிரிக்காவைப் பார்க்கட்டும். அந்நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நிலக்கரியிலிருந்து வருவது. சொந்த நிலத்திலேயே வெட்டி எடுக்கும் நிலக்கரி. ஆயினும் 2023 ஆம் ஆண்டில் அங்கே மின்வெட்டு இல்லாத நாட்களை விரல்விட்டு எண்ணலாம் என்னும் நிலை. பராமரிப்பின்றிப் பழுதடைந்த நிலையங்களும் ஊழலுமே அதற்குக் காரணம். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 2021 பெப்ரவரிப் பனிப்புயலில் காற்றாலைகள் உறைந்தன என்று பெரிதாகப் பேசினார்கள். எரிவாயுக் குழாய்களும் உறைந்தன, நிலக்கரி நிலையங்களும் நின்றன. அதிகம் இழக்கப்பட்டது எரிவாயு மின்சாரமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

பிரித்தானியா மூடிவிட்டது, நாமும் உடனே மூடலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அத்தேசமும் தீவு, இதுவும் தீவு. ஆனால் அத்தீவைப் பிரான்சோடும் நோர்வேயோடும் வேறு நாடுகளோடும் கடலடிக் கம்பிகள் பிணைக்கின்றன. நமக்கு அப்படி ஒரு கம்பியும் இல்லை. இந்தியாவோடு இணைப்பது பற்றிய பேச்சு மட்டும் நெடுங்காலமாக நடக்கிறது. அவர்களுக்கு எரிவாயு நிலையங்கள் இன்னும் ஏராளம். நமக்கு நிலக்கரி போனால் எஞ்சுவது மழையை நம்பிய நீர்மின்சாரமும், டொலர் கொடுத்து வாங்கும் எண்ணெயும், வெயிலும் காற்றுமே. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நுரைச்சோலையிலிருந்து வருகிறது. மாரி பொய்த்த ஆண்டில் அதன் பங்கு இன்னும் கூடும்.

ஆனால் அந்த நுரைச்சோலையையே நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? 2011 இல் முதல் இயந்திரமும் 2014 இல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கின. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற்று. ஒரு சிறிய நாட்டின் மூன்றிலொரு பங்கு மின்சாரத்தை ஒரே முற்றத்தில் வைத்தால், அந்த முற்றத்தில் நேரும் சிறு பிழையும் நாட்டுப் பிழையாகும். 2020 ஓகஸ்ட் 17 ஆம் திகதி கெரவலப்பிட்டியில் நேர்ந்த தவறினால் நாடு இருண்டபோதும் இதே கதைதான்: நாடு அன்றே மீண்டது, நுரைச்சோலை மீளச் சில நாட்கள் சென்றன, அதுவரை மின்வெட்டு. குளிர்ந்துபோன நிலக்கரிக் கொதிகலன் அவசரத்துக்கு உதவாது. நாடு முற்றாக இருண்ட வேளைகளில் முதலில் எழுந்து மற்றவற்றை எழுப்புபவை நீர்மின் நிலையங்களே.

அந்த நிலக்கரியோ கப்பலில் வருவது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டிக் கடல் கொந்தளிப்பதால் அங்கே இறக்க முடியாது. ஏறத்தாழ செப்டெம்பர் தொடக்கம் ஏப்பிரல் வரையுள்ள மாதங்களில் ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை இறக்கிக் குவிக்கவேண்டும். ஒரு கேள்விப்பத்திரம் தாமதமானாலும், திறைசேரியில் டொலர் இல்லாமற்போனாலும், அடுத்த ஓகஸ்ட் மாதத்தில் அதன் விளைவு தெரியும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறக்கவில்லை. எண்ணெய் வாங்கப் பணம் இல்லை, நீர்த்தேக்கங்களில் நீர் இல்லை. பிறநாட்டு எரிபொருளை நம்பிய மின்சாரத்தின் உறுதி, பணப்பெட்டியின் உறுதியளவே.

சம்பூரையும் இங்கே நினைக்கவேண்டும். 2006 ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்த மக்களின் மண்ணில் 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் கட்டத் திட்டமிட்டு, பல ஆண்டு இழுபறியின் பின் 2016 இல் கைவிட்டார்கள். 2025 ஏப்பிரலில் அதே சம்பூரில் சூரிய மின்னிலையத்துக்கு அடிகோலப்பட்டது. நிலக்கரிப் புகை அங்கே எழாததில் எமக்கு மகிழ்ச்சி. ஆனால் பகலில் மட்டும் வரும் மின்சாரம் மாலை ஏழு மணிக்கு வருவதில்லை. வீடுதோறும் விளக்கேறும் அந்த வேளையில்தான் நாட்டின் தேவை உச்சத்துக்குப் போகிறது.

இதன் மறுபக்கம் 2025 சித்திரைப் புத்தாண்டில் வெளிப்பட்டது. தொழிற்சாலைகள் பூட்டிக்கிடந்தன, வெயில் கொளுத்தியது, கூரைகளில் தகடு பூட்டியவர்கள் ஏப்பிரல் 13 தொடக்கம் 21 வரை பகலில் அவற்றைத் தாமாக நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் வேண்டாம் என்று தள்ளுகிறோம், இரவில் எண்ணெய் எரிக்கிறோம். அரிசி மலிந்த காலத்தில் களஞ்சியம் கட்டாமல், பஞ்சத்தில் கப்பலை எதிர்பார்க்கும் குடும்பத்தின் கதை இது. மகா ஓயாவில் பகல் மின்சாரத்தால் நீரை மேலேற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாற்று நிலையம் நெடுங்காலமாகத் திட்டத்தாளில் இருக்கிறது. மன்னாரிற் காற்று இருக்கிறது. 2020 டிசெம்பர் தொடக்கம் அங்கே நூறு மெகாவாற்றுக் காற்றாலை ஓடுகிறது. தென்மேற்குக் காற்று வலுக்கும் அந்த மாதங்களே நுரைச்சோலையில் நிலக்கரி இறக்க முடியாத மாதங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கமக்காரர்களாகிய உங்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. உச்சி வெயிலில் மிஞ்சும் மின்சாரத்தை யார் செலவிடுவது? கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் இயந்திரங்கள் பகலில் ஓடக்கூடியவை. மிஞ்சும் வேளையில் இறைப்புக்கு மலிந்த கட்டணம் வேண்டும் என்று நாம் கேட்டால், அது சலுகைப் பிச்சை ஆகாது; மின்வலைக்குச் செய்யும் உதவியே ஆகும். ஆனால் மலிந்தது என்று எல்லையின்றி இறைத்தால் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழிருந்து உவர்நீர் ஏறிவிடும் என்பதையும் நீங்கள் எம்மைவிட நன்கு அறிவீர்கள். கட்டணத்தோடு இறைப்புக்கு அளவும் பேசப்படவேண்டும்.

உத்தியோகத்தர்களும் பொறியியலாளர்களும் கேட்கவேண்டியது வேறு. நுரைச்சோலை இயந்திரங்களுக்கு முப்பது ஆண்டு ஆயுள் என்று வைத்தால், முதலாவது 2041 அளவில் ஓயவேண்டும். புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021 இலேயே இலங்கை உலக அரங்கில் வாக்குக் கொடுத்துவிட்டது. அப்படியாயின், ஒவ்வொரு இயந்திரமும் எந்த ஆண்டு ஓயும், அது தரும் மின்சாரத்தை எது தரும், அது தரும் சுழலும் நிறையை எது தரும், மின்னழுத்தத்தை எது தாங்கும் என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் விடை வேண்டும். அந்த மின்பிறப்பாக்கிகளைக் கொதிகலன் இல்லாமல் சும்மா சுழலவிட முடியுமா என்று இன்றே ஆராயவேண்டும். கூரைத் தகடுகளின் கருவிகள் எந்த அழுத்தச் சரிவில் தம்மை நிறுத்திக்கொள்கின்றன என்பதை எவராவது கணக்கெடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தென் அவுஸ்திரேலியா இருண்டது அந்தக் கணக்கு இல்லாமையால்.

தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். மின்சாரம் இல்லாமல் வாழத் தெரியாதவர்கள் என்று எம்மை எவரும் சொல்ல முடியாது. கையாற் சுற்றுவதை நிறுத்தியதும் வானொலியின் குரல் தேய்ந்து மங்கியது நினைவிருக்கிறதா? சில்லில் எஞ்சிய வேகம் இருக்கும் வரை ஒரு சொல், அரைச் சொல் கேட்கும். சுழலும் நிறை என்று இவ்வளவு நேரமும் நாம் சொன்னது அதைத்தான்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்க ஆயத்தமாயிருக்கிறோம். முதலில் தோட்டக்காரர் கேட்கட்டும்.